பாயிண்ட் ரேட்டு போதுமா? எலக்ட்ரிக்கல் வேலைக்கு விலை போடும் கணக்கு

(திரையில்: நீளமான பழைய ஓட்டு வீடு. வாசலில் திண்ணை, கடைசியில் கொல்லைக் கதவு.)

"பாயிண்ட் என்ன ரேட்டு தம்பி?" கும்பகோணத்துலேர்ந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் ஒயரிங் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்குது. லைட், ஃபேன், பிளக்னு ஒவ்வொரு இணைப்பும் ஒரு பாயிண்ட். நம்மாளும் அடுத்தவர் ரேட்டுல பத்து ரூபா குறைச்சுச் சொல்லிடுறாரு. அந்த அடுத்தவருக்கு அது கட்டுப்படியாகுதான்னு யாரும் கேக்கறதில்ல.

பாயிண்ட் ரேட்டு தப்புன்னு சொல்ல வரல. புது வீடு, கான்கிரீட் போடும்போதே பைப் போட்டாச்சுன்னா, கணக்கு ஓரளவு சரியா வரும். இந்த வீட்டைப் பாருங்க. டிபி பாக்ஸ், அதாவது கரண்டை வீடு முழுக்கப் பிரிச்சு விடுற பெட்டி, திண்ணையில. ரேழி, முற்றம், கூடம், அடுப்படி எல்லாம் தாண்டினா கொல்லை. ரேழி லைட்டும் ஒரு பாயிண்ட், கொல்லை லைட்டும் ஒரு பாயிண்ட்! இழுக்குற ஒயர்ல எத்தனை மடங்கு வித்தியாசம்? பழைய சுண்ணாம்புச் சுவத்துல பைப் பதிக்கக் காடி வெட்டினா பொழுதே போயிடும், சாந்து பொலபொலன்னு கொட்டும். அதனால பழைய வீட்டுக்கு லைட், பிளக், ஏசி பாயிண்டுக்குத் தனித்தனி ரேட்டு போடுங்க. மெயின் லைனுக்கு மீட்டர் கணக்கு, காடிக்கு அடிக் கணக்கு.

(திரையில்: நோட்டுப் புத்தகம், கால்குலேட்டர்.)

எந்த ரேட்டு சொன்னாலும் அடியில ஒரு மணிநேரக் கணக்கு இருக்கணும். உதாரணத்துக்கு: உங்க சம்பளம் 25,000, ஹெல்பருக்கு 15,000, கடை வாடகை, பெட்ரோல், போன், டூல்ஸ் தேய்மானம் 12,000. மாசம் 52,000. 25 நாள், எட்டு மணி நேரம்னா 200 மணி. 52,000-ஐ 200-ஆல வகுத்தா 260 ரூபா. இங்கதான் பலர் கவுந்துடுறாங்க. எஸ்டிமேட் பாக்கப் போறது, கடையில சாமானுக்கு நிக்கிறது, வண்டியில போய் வர்றது, இதுக்கெல்லாம் யாரும் காசு தரமாட்டாங்க. காசு வர்ற நேரம் 120 மணிதான்னு வச்சுக்குங்க. இப்ப 433 ரூபா. இது அசல் மட்டும்தான்.

வாங்குற கூலியில நூத்துக்கு இருபது லாபமா நிக்கணும்னா 433-ஐ 1.2-ஆல பெருக்காதீங்க. 520 வரும், அதுல லாபம் நூத்துக்குப் பதினாறு சொச்சம்தான். 0.8-ஆல வகுங்க, 541.

இந்த 541-ஐ வாடிக்கையாளர்கிட்ட அப்படியே சொல்லணும்னு இல்ல. மணிக்கணக்குன்னா அவர் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருப்பார், வேகமா முடிக்கிறவருக்குத்தான் நஷ்டம். ஃபேன் மாத்த இவ்வளவு, எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்) மாத்த இவ்வளவுன்னு ஒரு அட்டை போட்டு மாட்டிடுங்க. சில்லறை வேலைக்கு என்னைக் கேட்டா இதுதான் நல்லது.

(திரையில்: வயல் நடுவே மோட்டார் கொட்டகை.)

மேட்டூர் வழக்கமா ஜூன் 12-ல திறக்கும். தண்ணி கடைமடை வந்து சேர்றதுக்குள்ள, போர் தண்ணியை நம்பிக் குறுவை நாத்து விட்டிருப்பாங்க. அப்பதான் போன் வரும்: "மோட்டார் ஓடல." இருபது கிலோமீட்டர் போய்ப் பாத்தா டிரான்ஸ்பார்மர்ல மூணு ஃபேஸ் லைன்ல ஒண்ணு போயிருக்கும். "நீ ஒண்ணும் பண்ணலையேப்பா"ம்பாங்க. வந்து பாக்கிற கூலி தனின்னு போன்லயே சொல்லிடணும். வேலை நடந்தா அதைக் கழிச்சுக்கலாம். ராத்திரி கூப்பிட்டா கூடுதல் வாங்குறதும் நியாயம்தான், கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா.

சாமான் வீட்டுக்காரர் வாங்கினா உங்களுக்குக் கூலி மட்டும். நீங்க வாங்கினா அலைச்சலும் கைமுதலும் உங்களுது. கடைக்காரர்கிட்ட மறைமுகமா கமிஷன் வாங்காம, எஸ்டிமேட்லயே லாபத்தைச் சேருங்க. செம்பு விலை ஏறி இறங்குறதால, 90 மீட்டர் ஒயர் காயில் ரேட்டு 15 நாளைக்குத்தான் செல்லும்னு எழுதுங்க. ஜிஎஸ்டி சேர்த்தா, தனியாங்கறதையும்.

கடைசியா பாக்கி. "நெல்லு போட்டதும் தர்றேன்"னு சொல்றவர் ஏமாத்துறவர் இல்ல, சம்பா பணம் தை, மாசிக்கு மேலதான் அவர் கைக்கே வரும். ஆனா ஒயர்க்கடை உங்களுக்காக அதுவரை காத்திருக்காது. சாமானுக்கு முன்பணம், பைப் வேலை முடிஞ்சதும் ஒரு பங்கு, ஒயர் இழுத்ததும் ஒரு பங்கு. சுவிட்ச் மாட்டுற அன்னைக்கு வரவேண்டியது சின்னத் தொகையா இருக்கட்டும். தை மாசம் கிரகப்பிரவேசம் முடிஞ்ச வீட்டுல அதை வசூல் பண்றது ரொம்பக் கஷ்டம்.