எந்த டிமென்ஷியா?

எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏறும் முன் ஒருவர் என்னை நிறுத்தினார். “டாக்டர், எங்க அம்மாவுக்கு வந்திருக்கிறது டிமென்ஷியாவா, அல்சைமரா?” அடிக்கடி கேட்கிற கேள்விதான். ஆனால் “காய்ச்சலா, டைபாய்டா?” என்று யாரும் கேட்பதில்லை, பாருங்கள். டைபாய்டும் காய்ச்சலைக் கொண்டுவரும், மலேரியாவும் கொண்டுவரும். டிமென்ஷியாவும் அப்படித்தான். நினைவும் யோசனையும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குக் குறைந்துபோன நிலைக்குப் பெயர் டிமென்ஷியா. அதைக் கொண்டுவரும் நோய்களில் ஒன்று அல்சைமர். பெரும்பங்கும் அதற்குத்தான்: 100 பேரில் 60, 70 பேருக்கு அதுவே காரணம்.

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணைச் சேர்த்தார்கள். வயது 51தான். அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரோடு பேசியதையெல்லாம் எழுதி வைத்தார். பெயர்? ‘அவுகுஸ்டே.’ குடும்பப் பெயர்? ‘அவுகுஸ்டே.’ கணவர் பெயர்? ‘அவுகுஸ்டே என்று நினைக்கிறேன்.’ மதியம் தட்டில் இருந்தது காலிஃபிளவரும் பன்றிக்கறியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் ‘கீரை’ என்றார். பெயரை எழுதச் சொன்னார்கள். ‘திருமதி’ என்று எழுதினார், மீதி மறந்துபோனது.

1906இல் அவர் இறந்ததும் அல்சைமர் அந்த மூளையை மியூனிக்குக்கு வரவழைத்தார். வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே சிக்கு விழுந்த நூல்போல இழைகள். முன்னது அமிலாய்டு, பின்னது டௌ என்ற புரதம் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. 1910இல் எமில் கிரேப்பலின் என்ற மனநல மருத்துவர் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். ஆனால் நடுவயதில் வந்தால்தான் அந்தப் பெயர்! எழுபது வயதில் வந்தால் ‘கிழடு தட்டிவிட்டது’ என்று விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ள 1970கள் வரை ஆனது. நம் வீடுகளில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

சரி, மீதிப் பேருக்கு? மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டு வருவது உண்டு; அது பெரும்பாலும் படியிறங்குவதுபோலத் திடீர் திடீரென்று மோசமாகும். லூயி பாடி என்ற வகையில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவார், கைகால் இறுகும். முன்மூளை தேய்ந்தால் மறதிக்கு முன்பே குணம் மாறும். வயதானவர்களுக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் வரும்.

நான் முதலில் தேடுவது இவற்றையல்ல. வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் மனிதர் இதேபோல ஆகிவிடுவார். லேசாகத் தலையில் அடிபட்டு, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே வாரக்கணக்கில் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. பலர் தேறியும் விடுகிறார்கள்.

அந்த நண்பரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: “அம்மா சமீபத்தில் எங்கேயாவது விழுந்தார்களா?” கொஞ்சம் யோசித்தார். “போன மாசம் கிணற்றடியில் வழுக்கினாங்க. காயம்கூட இல்லையே, டாக்டர்.” “மறதி எப்போதிலிருந்து?” “அதுக்கப்புறம்தான்.”

இன்றைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். முன்வரிசையில் காலியாக இருக்கிறதே, அது அவர் நாற்காலிதான்.