குருவானவர் இல்லாத காலத்துப் பங்கு

பெருமதிப்புக்குரிய அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, அன்பான பங்கு மக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கையின் வடக்கே உள்ள நம் வன்னியின் கத்தோலிக்க வரலாற்றைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். இத்தகைய உரைகள் பெரும்பாலும் ஆயர்களின் பெயர்களையும் ஆலயங்களுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டுகளையும் அடுக்கிச் சொல்லி நிறைவடைந்துவிடும். அந்த அடுக்கில் இடம்பெறாத மக்களைப் பற்றியே நான் இன்று கூடுதலாகப் பேச விரும்புகிறேன். குருவானவர் ஒருவர்கூட வெளிப்படையாக நடமாட முடியாதிருந்த காலத்தில், இந்தத் திருச்சபையைத் தங்கள் பொறுப்பில் வைத்துக் காத்தவர்கள் அவர்கள்.

தொடக்கம் மன்னார். தென்னிந்தியாவின் முத்துக்குளித்துறைக் கரையில் மறைபரப்பிய புனித பிரான்சிஸ் சவேரியாரை மன்னார் மக்கள் தங்களிடம் அழைத்தார்கள். அவர் தாம் வர இயலாமல் வேறொரு குருவை அனுப்பினார். திருமுழுக்குப் பெற்றவர்களில் ஏறத்தாழ அறுநூறு பேர் 1544 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560 இல்தான். ஆகவே, அந்த மக்கள் விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தபோது அவர்களுக்குக் காவலாக அங்கே எந்தக் கோட்டையும் இருக்கவில்லை என்பதை நாம் மனத்திலிருத்த வேண்டும்.

1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் புரட்டஸ்தாந்தினரான ஒல்லாந்தர் வசமாயின. குருமார் வெளியேற்றப்பட்டனர், குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. பிறப்பும் திருமணமும் ஒல்லாந்தரின் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதியப்பட்டாலன்றிச் சட்டத்தின் முன் செல்லாது என்ற நிலையில், முதுசச் சொத்து கையைவிட்டுப் போகாமலிருக்க அவர்களுடைய கோயிலுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன குடும்பங்கள் பல. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைக்கு மந்திரத்தைக் காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்த அந்தத் தாய்மார் இல்லாவிட்டால், பின்னால் வந்த குருவுக்குக் கதவு திறக்க ஆளிருந்திராது.

அவ்வாறு ஒளித்திருந்து வாழ இயலாதவர்கள் காட்டுக்கு வந்தார்கள். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தங்கள் ஆலயத்து மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு 1670 அளவில் மருதமடுவை, அதாவது இன்றைய மடுவை, அடைந்தன என்பதும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஓடிவந்த வேறு மக்கள் அங்கே அவர்களோடு சேர்ந்துகொண்டனர் என்பதும் நம் மரபு. ஒல்லாந்தரின் பிடி கரையோரத்தில் இறுக்கமாக இருந்ததே தவிர, காட்டுக்குள் அது தளர்ந்துபோயிருந்தது. ஆனால் காடு அடைக்கலம் மட்டுமா தந்தது? காய்ச்சலும் பாம்பும் அங்கேதான் இருந்தன. மடுமாதா கோயில் மண்ணைப் பாம்புக்கடிக்குக் காப்பாக எடுத்துச்செல்லும் வழக்கம், இந்தக் காட்டில் குடியிருந்தவர்களின் அச்சத்திலிருந்தும் நம்பிக்கையிலிருந்தும் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் காலத்துத் திருச்சபையைக் குருப்பட்டம் பெறாத ஊர்த் தலைவர்களாகிய மூப்பரும் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் அண்ணாவியாரும் நடத்தினார்கள். ஞாயிறன்று மக்களைக் கூட்டி மந்திரம் சொல்லுவிப்பது, பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுப்பது, சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் இருந்து பாவத்துக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்வது, இறந்தவரை அடக்கம் செய்வது ஆகிய எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. திருப்பலி ஒன்றுதான் அவர்களால் இயலாதது. அதற்காகவே அவர்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்புக்கு மறுமொழி இந்தியாவிலிருந்து வந்தது. கோவாவில் 1651 இல் பிறந்த புனித யோசேவாஸ் அடிகளார், கூலிக்காரரைப் போல உடுத்துக்கொண்டு, யோவான் என்ற துணைவரோடு தூத்துக்குடியில் தோணியேறி 1687 இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். பசியாலும் வயிற்றோட்டத்தாலும் சாகும் நிலைக்குப் போய் மீண்டார். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டு கத்தோலிக்கர் யார் என்பதை அறிந்துகொண்டார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துக் காத்தனர். 1689 இல் யாழ்ப்பாணத்தில் நத்தார் இரவில் திருப்பலிக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தபோது அடிகளார் தப்பினார். பின்னர் புத்தளம் வழியாகக் கண்டி சென்று, அங்கேயும் சிறையிருந்து, பௌத்த அரசனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். 1711 இல் கண்டியிலேயே இறந்தார்.

அவரைத் தொடர்ந்து கோவாவின் ஒறட்டோரியன் சபைக் குருக்கள் நூறாண்டுக்கும் மேலாக இங்கே வந்துகொண்டிருந்தனர். கத்தோலிக்க மறை வெள்ளைக்காரரின் வாள்முனையில் வந்தது என்று சிலர் சொல்லும்போது நம்மில் பலர் மறுமொழியின்றி நிற்கிறோம். போர்த்துக்கேயரின் ஆட்சியில் அதிகாரமும் மறைபரப்பும் கலந்து கிடந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அதிகாரம் ஒழிந்த பிறகு, படையும் பணமும் இல்லாமல், வெறுங்காலோடு நம் ஒழுங்கைகளில் நடந்து இந்தத் திருச்சபையை மீட்டெடுத்தவர்கள் நம்மைப் போன்ற நிறத்தினர், அயல் மண்ணில் பிறந்த இந்தியர்.

அவர்களுள் 1705 இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். தபசு காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் படிக்கக் கேட்டவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப்பேர் இருப்பீர்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒருவர் புத்தகத்தைப் பிடித்து ஒப்பாரி இராகத்தில் இழுத்துப் படிக்க, பெண்கள் முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார்கள். அது அவருடைய ஆக்கம். குரு வராத ஊரிலும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய பெரிய கிழமையைக் கைக்கொள்ள வழிசெய்தது அந்த நூல்.

பிற்காலத்து வரலாறு நீங்கள் அறிந்ததே. 1847 இல் அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையினர் வந்தனர். யாழ்ப்பாண ஆயர் பொஞ்ஞான் ஆண்டகை 1870 இல் ஆடி 2 ஆம் திகதியை மடுத் திருநாளாக்கினார். 1924 இல் மாதாவின் சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. 1981 இல் மன்னார் மறைமாவட்டம் உருவானது.

போர்க்காலத்தை மட்டும் கடந்துபோக முடியவில்லை. 1990 முதல் மடு ஆயிரக்கணக்கானோருக்கு அகதி முகாமாயிற்று. 1999 கார்த்திகையில் அங்கே தஞ்சமிருந்தவர்கள் மீது எறிகணை விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர். 2008 சித்திரையில் மாதாவின் சொரூபம் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அடுத்த ஆண்டில் பங்குகள் முழுதாகவே இடம்பெயர்ந்தன. தரப்பாள் கொட்டில்களில் திருப்பலி நடந்தது, ஞானஸ்நானம் நடந்தது, அடக்கமும் நடந்தது.

அந்தப் பதிவுகளில் பல இன்று நம்மிடம் இல்லை. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இடம்பெயர்ந்த இடங்களில் உங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர் யார், செத்தவீட்டில் மந்திரம் சொன்னவர் யார், ஆலயப் பொருட்களைப் பிடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்தவர் யார் என்பதை நினைவிலிருக்கும்போதே எழுதித் தாருங்கள். எழுத இயலாத முதியவர்களிடம் இளைஞர் மன்றத்தினர் போய்க் கேட்டு எழுதட்டும். ஒல்லாந்தர் காலத்து மூப்பர்களில் மிகச் சிலரின் பெயர்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தத் தலைமுறையின் பெயர்களாவது பங்குப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

நன்றி. வணக்கம்.