வன்னி மரம் காக்கும் பாலை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்குச் சென்றவர்கள் அங்கே தல விருட்சமாக நிற்கும் வன்னி மரத்தை வணங்கி வந்திருப்பீர்கள். அதே வன்னிதான் மேற்கு ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் கேஜ்ரி என்ற பெயருடன் வயல்தோறும் நிற்கிறது. பாலைவனம் என்றதும் மணற்குன்றும் ஒட்டகமும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தார் என்பது மனிதர்கள் பல நூறு ஆண்டுகளாகப் பேணி வளர்த்த நிலம் என்பதையும், அதை வெற்றுத் தரிசு என்று பதிவேட்டில் எழுதிவிடும்போது நாம் எதை இழக்கிறோம் என்பதையும் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் அந்த மரத்தின் அருகே போவோம். கம்பு விளையும் வயலின் நடுவே நிற்கும் கேஜ்ரியை எந்த உழவரும் வெட்டுவதில்லை. அதன் வேர் மிக ஆழத்தில் நீரைத் தேடிக்கொள்வதால் மேல்மண்ணின் ஈரத்துக்காகப் பயிரோடு போட்டியிடுவதில்லை. மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது. குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து, லூங்க் எனப்படும் இலையைக் காயவைத்து ஆடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் போடுகிறார்கள். கோடையில், வேறெதுவும் பச்சையாக இல்லாத நாட்களில், மெல்லிய காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். அவைதாம் சாங்க்ரி. முற்றுவதற்கு முன் பறித்து உலர்த்தினால், சுருண்டு கறுத்த குச்சிகளைப் போல ஆகிவிடும். அவற்றை ஊறவைத்து, கேர் என்ற முட்புதரின் காயோடு சேர்த்து எண்ணெயில் வதக்கினால் ஆண்டு முழுவதற்குமான கறி தயார். பஞ்ச காலங்களில் இம்மரத்தின் பட்டையையே இடித்து மாவாக்கி உண்டு உயிர் பிழைத்திருக்கிறார்கள். நம் கண்மாய்களை ஆக்கிரமித்திருக்கும் சீமைக்கருவேலம் இதற்கு நெருங்கிய உறவு என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அங்கும் அந்த அயல்மரம் புகுந்து இடம் பிடித்திருக்கிறது.

ஜெய்சல்மேர்ப் பகுதியின் ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவில்தான். அதனால் நீருக்கே மூன்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள். வானிலிருந்து நேரே வருவது பாலர் பாணி. ஆழ்கிணற்றில் கிடைப்பது, பல இடங்களில் உவர்ப்பாக இருக்கும் பாதாள் பாணி. மணலில் இறங்கி, கீழேயுள்ள ஜிப்சம் படிவத்தால் தடுக்கப்பட்டு ஈரமாகத் தங்கியிருப்பது ரெஜாணி பாணி. இந்த மூன்றாவது நீரைப் பிடிக்கத்தான் ஓர் ஆள் மட்டுமே இறங்கக்கூடிய குறுகிய குயின் கிணறுகளைத் தோண்டினார்கள். மழைநீரைச் சேர்ப்பதற்கு டாங்கா என்னும் நிலத்தடித் தொட்டி உண்டு. அதைச் சுற்றி வட்டமாகச் சரிந்த தரைக்கு ஆகோர் என்று பெயர். மழைக்கு முன் அந்தத் தரையைக் கூட்டிப் பெருக்கித் துப்புரவாக்குவார்கள்; நம் ஊரில் வீட்டு வாசலுக்குக் கொடுக்கும் மதிப்பை அவர்கள் மழை விழும் தரைக்குக் கொடுக்கிறார்கள்.

இந்த மண்ணில் 1485ஆம் ஆண்டு குரு ஜம்பேஷ்வர் 29 நெறிகளை வகுத்தார். இருபதும் ஒன்பதும் சேர்ந்த அந்த எண்ணே, அவற்றைப் பின்பற்றும் சமூகத்துக்குப் பிஷ்னோய் என்ற பெயராயிற்று என்பர். பச்சை மரத்தை வெட்டலாகாது, உயிர்களிடம் இரக்கம் வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். விறகைச் சேமிக்க வேண்டும் என்பதால் இறந்தோரை எரிக்காமல் புதைக்கும் வழக்கம் இன்றும் அவர்களிடம் உண்டு. 1730இல் ஜோத்பூர் மன்னரின் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு சுடுவதற்காகக் கேஜர்லி கிராமத்தின் மரங்களை வெட்ட ஆட்கள் வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்தார். அவருடைய மகள்களும் அடுத்தடுத்த ஊர்க்காரர்களும் அவர் வழியைப் பின்பற்ற, மொத்தம் 363 பேர் மாண்டனர். மன்னர் அபய் சிங் வருந்தி, பிஷ்னோய் கிராமங்களில் மரம் வெட்டுவதைத் தடை செய்தார். இன்றைக்கும் அக்கிராமங்களில் வெளிமானும் சிங்காரா என்னும் சிறுமானும் வீட்டு வேலியருகே அச்சமின்றி மேய்வதைக் காணலாம்.

பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் கிராமத்தையும் சொல்லியாக வேண்டும். மங்கோலியா, மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் குர்ஜா என்ற சாம்பல் நிறக் கொக்குகள் ஆயிரக்கணக்கில் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வேலியிட்ட ஒரு களத்தில் ஊரார் நாள்தோறும் தானியம் இறைக்கிறார்கள். காலையில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் அப்பறவைகளின் குரலில் ஊரே நிறைந்துவிடும். 2025 ஜூனில் கீச்சன் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

எல்லா உயிருக்கும் இந்த நல்வாய்ப்பு அமையவில்லை. ராஜஸ்தானின் மாநிலப் பறவையும் புல்வெளியில் வாழும் பெரும்பறவையுமான கானமயில் வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடுவது. இப்போது எஞ்சியவை 200க்கும் குறைவு. அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரே வரும் மின்கம்பியைச் சரியாகக் காண இயலாது. உடல் கனத்தால் சட்டென்று திரும்பவும் முடியாது. கம்பிகளைப் புதைக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் கம்பிகள் கொண்டு செல்லும் சூரிய மின்சாரம் நமக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் கம்பி எவ்வழியே போகிறது என்பதே என் கவலை.

அது போகும் வழிகளில் ஓரண்களும் உள்ளன. ஓரண் என்பது தெய்வத்தின் பெயரால் ஊர் விட்டுவைத்த காடும் மேய்ச்சல் நிலமும். ஜெய்சல்மேர் மாவட்டத்தின் தேக்ராய் ஓரணில் கிளையை ஒடிப்பதுகூடப் பாவம். ஆனால் ஆடு மாடுகளும் ஒட்டகங்களும் அங்கே தாராளமாக மேயலாம். இத்தகைய நிலங்கள் பல, அரசுக் கணக்கில் தரிசு என்றே பதிவாகியிருந்ததால், மின்திட்டங்களுக்கு ஒதுக்குவது எளிதாயிற்று. ராஜஸ்தானின் இத்தகைய புனிதக் காடுகளை நிலத்திலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து வரையறுக்கும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அங்குள்ள மேய்ப்பர்கள் இதற்காகவே ஊர் ஊராக நடைப்பயணம் போய்க்கொண்டிருக்கிறார்கள். தங்கள் ஓரணை வருவாய்ப் பதிவேட்டில் ஓரண் என்றே எழுத வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை.