ஒப்பனை அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

(பள்ளத்தூரில் நடைபெற்ற நாடகக் கலை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சி மன்றத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கோயில் காரியக்காரர்களே, தம் பள்ளிப் பிள்ளைகளைக் கும்மியாட அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, பந்தல் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டு, பெயரை மட்டும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட புரவலர் அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, அனைவருக்கும் என் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஐவருக்கும் தனித்தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்தச் சித்திரைப் புழுக்கத்தில் ஐந்தையும் சுமந்து நின்ற என் தோள்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். பட்டியல் எழுதிக் கொடுத்த தம்பியின் கையெழுத்து அப்படி.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, கோபிசாந்தா எப்படி மனோரமா ஆனார் என்பது. இதை மூன்று பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன். முதலாவது, இந்த ஊரில் வளர்ந்த சிறுமி. இரண்டாவது, நாடக மேடையில் நின்ற நடிகை. மூன்றாவது, திரையில் அவர் பேசிய வட்டாரத் தமிழ்கள். எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். மனோரமாவின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு இந்தப் பழமொழியே நினைவுக்கு வருகிறது.

1937ஆம் ஆண்டு மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தவர் அவர். தந்தை வேறொரு மணம் செய்துகொண்ட பிறகு, தாயார் ராமாமிர்தம் குழந்தையோடு பிழைப்புத் தேடி வந்து சேர்ந்த ஊர் நம் பள்ளத்தூர். முகப்பிலிருந்து நான்காம் கட்டு, அதாவது வீட்டின் நான்காம் பகுதி வரை ஒரு தெருவையே விழுங்கி நிற்கும் வீடுகள் கொண்ட ஊரில், அந்த அம்மையார் வீட்டு வேலை செய்து மகளைப் படிக்க வைத்தார். அவர் நோயுற்று ரத்த வாந்தி எடுக்கத் தொடங்கியபோது, பதினொரு வயது மகள் ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுத் தானும் வீட்டு வேலைக்குப் போனார். புகழின் உச்சியில் இருந்தபோதும் இதை அவர் மறைத்ததில்லை. நாம்தான் விழா மலர்களில் ‘எங்கள் ஊர் ஆச்சி’ என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தச் சிறுமி யார் யார் வீட்டு முற்றத்தைப் பெருக்கினாள் என்பதை நாகரிகமாக விட்டுவிடுகிறோம்.

அவருக்கு மேடை கிடைத்தது தற்செயலாக. இந்த ஊருக்கு வந்த குழு ஒன்று ‘அந்தமான் காதலி’ என்ற நாடகத்தை நடத்தியபோது, பெண் வேடம் போட்டவருக்குப் பாட்டு வரவில்லை. நன்றாகப் பாடும் சிறுமி ஒருத்தி ஊரில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பன்னிரண்டு வயதுக் கோபிசாந்தாவை அழைத்தார்கள். நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் அவருக்கு மனோரமா என்று பெயர் வைத்தார்கள். பின்னர் வைரம் நாடக சபாவில் நடித்து, அங்கிருந்து எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்துக்குப் போய், கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’ முதலான நாடகங்களில் பெயர் பெற்றார். இவற்றை நீங்கள் அறிவீர்கள். எந்த நூலும் எழுதாத ஒன்றைத்தான் நான் கேட்க வந்திருக்கிறேன்: பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஊர் ஊராகப் போய் இரவு முழுவதும் நடித்த அந்தப் பெண் எங்கே உடை மாற்றினாள்?

சிரிக்கிறீர்கள். சிரிப்பதற்கும் ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு ஏழு வயது இருக்கும். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் வைத்திருந்தார்கள். கதாநாயகனாக வரும் ராஜபார்ட்டுக்கும் கோமாளியான பபூனுக்கும் கீற்று மறைப்பு ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். ஸ்திரீபார்ட்டாக, அதாவது கதாநாயகியாக வந்த அம்மாளுக்கு இடமில்லை. கோயிலுக்கு எதிரே எங்கள் வீடு இருந்ததால், இரண்டாங்கட்டில் வேடம் போட்டுக்கொள்ளட்டும் என்று காரியக்காரர் கேட்க, எங்கள் அப்பச்சியின், அதாவது தகப்பனாரின், அண்ணன் சரி என்றுவிட்டார். அப்பத்தாவிடம் யாரும் சொல்லவில்லை. அப்பத்தாவோ கண் பார்வை மங்கியவர். அதிலும் எங்கள் அப்பச்சி மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய் ஐந்து மாதமாகக் கடிதம் வராத கவலையில், வளவுத் (உள்முற்றத்துத்) தூண் ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தார். நடு இரவு. அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில், தலை நிறையச் சரிகையும் மணியும் மின்ன, முகமெல்லாம் அரிதாரம் பூசிய வள்ளி நாச்சியார் இரண்டாங்கட்டிலிருந்து ஜல் ஜல் என்று நடந்து வருகிறார். அப்பத்தா எழுந்து பார்த்தார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “ஆத்தா, வந்துட்டியா! எம் மகன் கடுதாசி போடலையே ஆத்தா!” என்று காலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். வெளியே பின்பாட்டுக்காரர் வள்ளியின் வருகைப் பாட்டை மூன்றாம் முறையாகப் பாடிக்கொண்டிருக்கிறார். ஆர்மோனியம் இழுத்து இழுத்துக் காற்றுப் போகிறது. பபூன் சமாளிக்க முடியாமல் ஊர்ப் பெரியவர்களையெல்லாம் கிண்டல் செய்யத் தொடங்கிவிட்டார். அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? உதறிவிட்டு ஓடவில்லை. தலையில் கை வைத்து, “எட்டு நாளில் வரும், எழுந்திரு” என்று வாக்குச் சொல்லிவிட்டுத்தான் மேடைக்குப் போனார். ஆறாம் நாள் கடிதம் வந்தது!

விடிந்ததும் அப்பத்தாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று வீடே நடுங்கியது. அவரோ இட்லியும் பால் பணியாரமும் செய்யச் சொல்லி, அரிதாரம் கலைத்த முகத்தோடு நின்ற அந்த அம்மாளை உட்கார வைத்துப் பரிமாறினார். “சாமின்னு நினைச்சேன், நீ பொம்பளைதான். ஆனா அந்த நேரத்துல எனக்கு என்ன வேணுமின்னு உனக்குத் தெரிஞ்சுது பாரு” என்றவர், தம் பழமொழியையும் சொல்லி முடித்தார். மறு ஆண்டு முதல் நாடகத்துக்கு வரும் பெண்களுக்கு எங்கள் இரண்டாங்கட்டு அறை ஒழித்துக் கொடுக்கப்பட்டது; கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் போடப்பட்டது.

இப்போது மனோரமாவுக்குத் திரும்புகிறேன். திரைக்கு வந்தது எளிதாக நடக்கவில்லை. ஒப்பந்தமான முதல் படம் பாதியில் நின்றது, அடுத்ததும் அப்படியே. 1958இல் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் தம் ‘மாலையிட்ட மங்கை’யில் அவருக்கு நகைச்சுவை வேடம் கொடுத்தார். மேடையில் கதாநாயகியாக நின்றவர் தயங்கினார். கதாநாயகி என்றால் சில ஆண்டுகள்தான், நகைச்சுவை என்றால் நெடுங்காலம் நிற்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதை அவரே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். எந்த மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், எதைப் பாடிக் கறக்க வேண்டும் என்று நம் செட்டிநாட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்துவிட்டார். ஆனால் கவிஞர் காட்டிய வழிதான் அவரை ஆயிரம் படங்களுக்கு மேல் கொண்டுபோனது.

1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகக்காரி ஒருத்தியின் மிடுக்கு, வெகுளித்தனம், பெரிய வித்வான் முன்னால் நின்று தானும் கலைக்காரிதான் என்று காட்டிக்கொள்ளும் ஆசை ஆகியவற்றை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது என்பது என் துணிபு. கொட்டகையின் பின்புறத்தில் வாழ்ந்த ஒருவரால்தான் அதை அப்படிச் செய்ய முடியும். அந்தப் பின்புறத்தைத்தான் நாம் இன்னும் கட்டவில்லை.

இங்கே பெரியோர்கள் வருத்தப்படக் கூடாது. நம் பகுதியில் பல ஊர்களில் கலையரங்கம் என்று ஒன்று இருக்கிறது. காங்கிரீட் மேடை, தகரக் கூரை, திறந்து வைத்தவர்களின் பெயர் பொறித்த கல்வெட்டு எல்லாம் உண்டு. மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கருவேல முள்தான் இருக்கும். இன்றும் ஸ்திரீபார்ட்டாக வரும் பெண்கள் இரண்டு புடவைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒருத்தி காவல் நிற்க மற்றவள் உடை மாற்றுகிறாள். கைப்பேசி இல்லாத கை இல்லாத காலம் இது. இரவு பத்து மணி முதல் விடியும் வரை நடிக்கிறவர்களுக்குக் கழிப்பறையும் கிடையாது. அன்றாவது பெரிய வீடுகளில் மனிதர்கள் இருந்தார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். இன்று பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் வீடும் அப்படித்தான் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஆகவே ஆச்சிக்குச் சிலை வைக்க வேண்டும் என்று இங்கே முன்மொழிந்த நண்பரை நான் மறுக்கவில்லை. வைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், இந்தக் கலையரங்கத்தின் பின்னே பத்தடிக்குப் பத்தடியில் பெண்களுக்கென ஓர் ஒப்பனை அறை, ஒரு கண்ணாடி, ஒரு குழாய், ஒரு கழிப்பறை ஆகியவற்றைக் கட்டி அவர் பெயரை அதற்கு வையுங்கள். மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறேன். பாடிக் கறந்து பார்த்தாகிவிட்டது. எழுபத்தெட்டு வயதில் என்னை ஆட வைத்துவிடாதீர்கள் என்று முன்வரிசைப் பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செட்டிநாட்டுப் பேச்சையும் சென்னைப் பேச்சையும் ஒரே நாக்கு எப்படிப் பேசியது என்ற மூன்றாம் பகுதிக்கு நேரமில்லை. தலைவர் இரண்டு முறை மணியைத் தொட்டுவிட்டார், கும்மிப் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். ஒப்பனை அறை கேட்கும் மனுவுக்கான கையெழுத்து நோட்டு மேடையின் வலப்பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டிப் போட்டிருக்கிறது. இந்தப் பையில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த வீட்டுச் சாமான்களுக்கு நடுவில் கிடந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். இதைத் தலைவரின் கையில் கொடுத்துவிட்டு அமர்கிறேன். அறை எழும்பும்வரை அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.