அதிபராக இருந்தவர் சாதாரண உறுப்பினராகப் போவது இறக்கமா?

சரி, அடுத்த கேள்வி. அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் பற்றிய பேச்சைக் கேட்ட ஒரு நேயர் அனுப்பியது: "ஜாக்சனிடம் தோற்ற ஜான் குவின்சி ஆடம்ஸ் பிறகு பிரதிநிதிகள் சபைக்கு உறுப்பினராகப் போனார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அதிபராக இருந்தவருக்கு அது இறக்கம் இல்லையா?"

ரொம்ப நல்ல கேள்வி. ஜாக்சனுக்கு முந்தைய அதிபர்தான் ஆடம்ஸ். பிரதிநிதிகள் சபை என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை. இதையேதான் ஆடம்ஸின் வீட்டிலும் கேட்டார்கள். மனைவி லூயிசாவுக்கும் மகன் சார்லஸுக்கும் இதில் துளியும் விருப்பமில்லை. அவரோ, மக்கள் தேர்ந்தெடுத்தால் ஊர் நிர்வாகக் குழுவில் உட்காருவதுகூட எந்த முன்னாள் அதிபருக்கும் இழுக்கில்லை என்றார். 1830 தேர்தலில் ஜெயித்ததும், அதிபராகத் தேர்வானபோதுகூட உள்ளுக்குள் இதில் பாதி மகிழ்ச்சி இருந்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார்.

அதில் நியாயம் இருக்கிறது. 1824 அதிபர் தேர்தலில் ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்குகள் (மாநிலங்கள் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் போடுபவை), இவருக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை கூடி இவரைத் தேர்ந்தெடுத்தது. ஆதரவு கொடுத்த ஹென்றி கிளே வெளியுறவு அமைச்சரானதும் 'கள்ளப்பேரம்' என்ற பழி வந்தது. கால்வாய், சாலை, வானாய்வுக்கூடம் என்று எத்தனையோ திட்டம் வைத்திருந்தார், பெரும்பாலானவை நடக்கவில்லை. அடுத்த தேர்தலில் அதே ஜாக்சனிடம் தோற்றார்.

ஆனால் இறக்கமா ஏற்றமா என்பதைவிட, அங்கே போய் என்ன செய்தார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். 1831 முதல் 1848-இல் அவையிலேயே மயங்கி விழும்வரை உறுப்பினராக இருந்தார். அதில் எனக்கு மிகப் பிடித்தது மனுக்களுக்காக அவர் நடத்திய சண்டை.

அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி வடக்கிலிருந்து மனுக்கள் குவிந்தன. அடிமை முறை நிலவிய தெற்கு மாநிலங்களின் உறுப்பினர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1836-இல் ஒரு தீர்மானம் போட்டார்கள்: அடிமை முறை பற்றி எந்த மனு வந்தாலும் படிக்காமல், விவாதிக்காமல் ஓரமாக வைத்துவிட வேண்டும். வாய்ப்பூட்டு! வாக்கெடுப்பில் தன் பெயரைக் கூப்பிட்டதும் ஆடம்ஸ், இது அரசியலமைப்பையும் இந்த அவையின் விதிகளையும் என் தொகுதி மக்களின் உரிமைகளையும் நேரடியாக மீறுகிறது என்றார். கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் மனுவைக் காதில் வாங்கியே ஆக வேண்டும். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

1837 பிப்ரவரியில் நடந்ததைக் கேளுங்கள். "22 அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்படும் ஒரு மனு என்னிடம் இருக்கிறது. இது அந்த விதிக்குள் வருமா?" என்று அவைத்தலைவரைக் கேட்டார். அவைத்தலைவர் யார்? பிற்பாடு அதிபரான ஜேம்ஸ் போல்க். அவை கொதித்தது. அடிமைக்கு மனுப் போடும் உரிமையா, இவரைக் கண்டிக்க வேண்டும் என்று கத்தினார்கள். எல்லோரும் கத்தட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் சொன்னார்: அந்த மனு அடிமை ஒழிப்பைக் கேட்கவே இல்லை, அதற்கு எதிரானது! எனக்கு ஒப்பாத கோரிக்கைதான், ஆனாலும் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு என்பதுதான் அவர் நிலை. கண்டனம் நிறைவேறவில்லை.

பெண்கள் அனுப்பிய மனுக்களைச் சிலர் இளக்காரமாகப் பேசியபோதும் இதே வாதம்தான். மனுப் போட ஆணாக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

1842-இல் இன்னொரு மனுவுக்காக மறுபடி கண்டனத் தீர்மானம் வந்தது. 74 வயதில் நாள்கணக்காக நின்று தனக்காகத் தானே வாதாடினார். கடைசியில் அதைக் கிடப்பில் போட்டார்கள்.

1844 டிசம்பர் 3 அன்று, அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் மேல் 108-க்கு 80 என்ற கணக்கில் வாய்ப்பூட்டு விதி ஒழிந்தது. அன்றைய நாட்குறிப்பில் கடவுளுக்கு நன்றி எழுதிவைத்தார். அமிஸ்டாட் கப்பல் வழக்கில் ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியதும் இந்தக் காலத்தில்தான். அது தனியாகப் பேச வேண்டிய கதை, யாராவது கேளுங்கள், சொல்கிறேன்.