சுவர் இருந்தால்தான் சித்திரம்: ஃபோந்தேன்புளோவிலும் மொரேயிலும் ஒரு நாள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அன்பொழுக வரவேற்ற செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பிரெஞ்சு ஆசிரியர் ஐயா அவர்களே, கொட்டும் மழையையும் பாராமல் வந்திருக்கும் புதுச்சேரிப் பெருமக்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

பிரான்சில் ஒரே நாளில் கண்ட ஓர் அரண்மனை, ஒரு பழைய ஊர் ஆகிய இரண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார் என் பாட்டி. அன்று முழுவதும் அந்தச் சொல்தான் காதில் ஒலித்தது.

பாரிஸின் லியோன் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணத்தில் இருக்கிறது ஃபோந்தேன்புளோ. 12ஆம் நூற்றாண்டிலேயே அரசர்கள் வேட்டைக்கு வந்து தங்கிய இடம் அது. 1528இல் மன்னர் முதலாம் பிரான்சுவா அங்குள்ள அரண்மனையைப் புதிதாக எழுப்பத் தொடங்கி, இத்தாலியிலிருந்து ரோஸ்ஸோ, பிரிமாத்திச்சோ ஆகிய ஓவியர்களை வரவழைத்தார். அவர் பெயரிலுள்ள நீண்ட கூடத்தில், கீழ்ப்பாதியில் மரப் பலகையும் மேற்பாதியில் ஓவியமும் சுதைச் சிற்பமுமாக, அவரது சின்னமாகிய சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரி தீயின் நடுவே வால் சுருட்டிக் கிடக்கிறது.

முற்றத்தில் குதிரை லாட வடிவப் படிக்கட்டு இருக்கிறது. முடிதுறந்த நெப்போலியன், 1814 ஏப்ரல் 20 அன்று, இந்தப் படிகளில் இறங்கி வந்துதான் தம் பழைய காவற்படையிடம் விடைபெற்றார். தளபதி பெத்தியைத் தழுவினார், படைக்கொடியை முத்தமிட்டார், பின் எல்பாத் தீவுக்குப் புறப்பட்டார். நான் நின்றபோது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். ஆசிரியை அவர்களைக் கீழே இரண்டு வரிசையாக நிறுத்தி, ஒரு சிறுவனை மட்டும் மேலே அனுப்பினார். ஈரமான கல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, அவன் மெல்ல இறங்கினான். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் தாமாகவே அடங்கினார்கள். கொடிக்குப் பதிலாக ஆசிரியை தம் கழுத்துத் துணியை நீட்ட, அவன் குனிந்து முத்தமிட்டான். வரிசையில் நின்ற ஒரு சிறுமி கண்ணைத் துடைத்தாள். பெரியோர்களே, அந்தப் படிக்கட்டு இடிந்து போயிருந்தால், ஏப்ரல் 20 அந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வில் எழுதும் ஒரு தேதியாகத்தான் இருந்திருக்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

பிற்பகலில், ரயிலில் அருகிலேயே இருக்கும் மொரே என்ற ஊருக்குச் சென்றேன். லுவான் ஆற்றங்கரையில் பழைய கோட்டை வாயில்கள் இன்றும் நிற்க, அவற்றினூடே மக்கள் காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறார்கள். ஓவியர் ஆல்ஃபிரட் சிஸ்லே தம் கடைசி ஆண்டுகளை இங்கேதான் கழித்து, 1899இல் மறைந்தார். 1893, 94ஆம் ஆண்டுகளில் அவர் இவ்வூர்த் தேவாலயத்தை வெயிலிலும் மழையிலுமாக மீண்டும் மீண்டும் தீட்டினார். அந்தக் கற்சுவரை நானும் தொட்டுப் பார்த்தேன்.

நம் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் கட்டிய மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பரில் சரிந்ததை இந்த அரங்கிலுள்ள பலர் அறிவீர்கள். பழைய வடிவிலேயே அது மறுபடி எழுந்தது உண்மை. ஆனால் அதற்கு நாம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். வைசியாள் வீதியைப் போன்ற தெருக்களில் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஆகவே, நம் ஊரின் பழைய வீடுகளைப் பட்டியலிடும் பணியைத் தொடங்கியிருக்கிறோம். வாசலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அத்தகைய வீட்டுக்கு உரியவர்கள் தெருப் பெயரையும், தெரிந்தால் கட்டிய ஆண்டையும் அதில் எழுதிவிட்டுப் போகுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.