மளிகை ரசீதில் மிச்சமிருக்கும் கட்சி

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவில் மளிகை வாங்கினால் ரசீதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அரிசி, பருப்பு, முருங்கைக்காய், பால் இதற்கெல்லாம் ஜி.எஸ்.டி. இருக்காது, முறுக்கும் மிக்சரும் எடுத்தால் 10 சதவீதம் ஏறிவிடும். இந்த வித்தியாசம் அரசாங்கம் தானாக மனமிரங்கிக் கொடுத்ததில்லை, ஒரு சின்னக் கட்சி உட்கார்ந்து பேரம் பேசி வாங்கியது. ஆஸ்திரேலிய டெமாக்ரட்ஸ். அந்தக் கட்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

லிபரல் கட்சியில் அமைச்சராக இருந்த டான் சிப், அங்கே மனம் கசந்து வெளியேறி 1977-ல் இதைத் தொடங்கினார். ஒரு பக்கம் தொழிற்சங்கங்களின் லேபர், இன்னொரு பக்கம் முதலாளிகளின் லிபரல், இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு கட்சி வேண்டும் என்றார். இந்தப் பயல்களை ஒழுங்காக நடக்க வைப்போம் என்பதுதான் அவர்களுடைய முழக்கம். அவர் சொன்ன வார்த்தை இதைவிடக் காரமானது, வானொலியில் இது போதும்.

கீழவையில், அதாவது பிரதிநிதிகள் சபையில், அவர்களால் கடைசிவரை ஓர் இடம்கூடப் பிடிக்க முடியவில்லை. மேலவையான செனட்டில் கதை வேறு. அங்கே விகிதாசாரத் தேர்தல், இன்றைய கணக்கில் ஒரு மாநிலத்தில் ஏழில் ஒரு பங்கு வாக்கு சேர்ந்தால் ஓர் இடம் உறுதி, மற்ற கட்சிக்காரர்கள் அடுத்த விருப்பமாகக் குறித்த வாக்குகளும் வந்து சேரும். அப்படித்தான் 1981 முதல் செனட்டில் பலம் இவர்கள் கைக்கு வந்தது, அரசாங்கமும் எதிர்க்கட்சியும் மோதும்போது எந்த மசோதா பிழைக்கும் என்பது இவர்கள் தீர்மானம். 1986-ல் ஜனீன் ஹெய்ன்ஸ் தலைவரானார், ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கட்சி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். எனக்கு இந்தக் கட்சியில் ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு: தலைவரைச் சாதாரண உறுப்பினர்கள் தபால் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், செனட்டர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றும் விட்டிருந்தார்கள்.

சரி, ஜி.எஸ்.டி.க்கு வருவோம். 1998 தேர்தலில் லிபரல் பிரதமர் ஜான் ஹோவர்ட் இந்த வரியை முன்வைத்தே ஜெயித்தார், ஆனால் செனட்டில் பலம் இல்லை. டாஸ்மேனியாவின் சுயேச்சை உறுப்பினர் பிரையன் ஹாரடைன் முடியாது என்று சொல்லிவிட, ஹோவர்ட் டெமாக்ரட்ஸ் தலைவர் மெக் லீஸிடம் வந்தார். உணவுக்கு வரி வேண்டாம் என்று தேர்தலில் கேட்டிருந்த லீஸ், அடிப்படை உணவுக்கு விலக்கு வாங்கிக்கொண்டு 1999-ல் கையெழுத்திட்டார். புத்தகங்களுக்கு வரி விழுந்தது. அவருடைய கட்சி செனட்டர்களான நடாஷா ஸ்டாட் டெஸ்போயாவும் ஆண்ட்ரூ பார்ட்லெட்டும் எதிர்த்து வாக்களித்தார்கள்.

கட்சியை ஜி.எஸ்.டி. கொன்றுவிட்டது என்று பலரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2001 தேர்தலில் அந்த வரி வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது, ஆனாலும் மக்கள் நான்கு செனட்டர்களை அனுப்பினார்கள். கோபம் இருந்தது, கைவிடவில்லை. கொன்றது வீட்டுச் சண்டை. அந்த ஆண்டு உறுப்பினர்கள் லீஸை இறக்கிவிட்டு 31 வயது ஸ்டாட் டெஸ்போயாவைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் சக செனட்டர்களில் பெரும்பாலோர் அவருடன் ஒட்டவில்லை. 2002 ஜூலையில் லீஸ் கட்சியை விட்டுப் போனார், அடுத்த மாதமே ஸ்டாட் டெஸ்போயா தலைமையைத் துறந்தார். உறுப்பினர்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த ஒருவரை, கூட இருந்தவர்களே நடக்கவிடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். லேபருக்குத் தொழிற்சங்கம் உண்டு, எத்தனை சண்டை போட்டாலும் திரும்பிப் போக ஓர் இடம் உண்டு. நடுவில் நிற்கிறவனுக்கு மக்களின் நம்பிக்கையை விட்டால் வேறு எதுவும் இல்லை.

2004 தேர்தலில் புதிதாக ஓர் இடமும் கிடைக்கவில்லை, 2007-லும் இல்லை. 2008 ஜூன் 30-ம் தேதி 2001-ல் ஜெயித்த கடைசி நான்கு பேரின் பதவிக்காலம் முடிந்தது. அவர்களில் ஸ்டாட் டெஸ்போயாவும் பார்ட்லெட்டும் இருந்தார்கள். 2015-ல் தேர்தல் ஆணையம் கட்சியின் பதிவையே ரத்து செய்தது, பதிவு நிலைக்க அப்போது 500 உறுப்பினர்கள் வேண்டியிருந்தது, அவ்வளவு பேர் தேறவில்லை.

நன்றி, வணக்கம்.